கையை வீசி நடந்த மாமனார்

கல்யாணமாகி இந்த மலைக்கு ஏறி வந்த முதல் வாரத்திலேயே என் மாமனாரைப் பற்றி நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். மனிதர் சுத்தச் சோம்பேறி.

கடைக்குப் போவார். கூடவே மாமியாரும் போவார். திரும்பும்போது மாமியார் இரண்டு கையிலும் பை தொங்க, மூச்சு இரைக்க இரைக்க மேடேறி வருவார். இவர் நாலடி முன்னால் கையை வீசிக்கொண்டு வருவார். தெருக்குழாயிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கி வந்தது கிடையாது. வாசலில் இறக்கிப்போட்ட விறகை அப்படியே தாண்டிக்கொண்டு உள்ளே வருவார். ஆனால் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் ஆளே வேறு. உருளைக்கிழங்கு உரிப்பார், பாத்திரம் கழுவுவார், அரிசி மூட்டையை ஒற்றை ஆளாக நகர்த்துவார். வாசற்படிக்கு வெளியேதான் இந்த ராஜநடை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பிறந்த வீட்டிலேயே வாங்கிய பெயர் அது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"ஏன் மாமா, ஒரு வெங்காயப் பையைத் தூக்கினா கை தேஞ்சா போயிடும்?"

மாமியார் முகத்தில் ஈயாடவில்லை. மாமனாருக்குக் கோபம் வரவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "உள்ள எதை வேணும்னாலும் தூக்கச் சொல்லும்மா, தூக்குறேன். தெருவுல மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் என்னை உட்கார வைத்துக் காரணத்தைச் சொன்னார். கேட்ட பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் இந்த ஊரைச் சொல்ல வேண்டும். ஊருக்கு வரலாறு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இந்த மலைக்குள் தாது இருக்கிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். கம்பெனி வந்தது. மலையில் ஓர் ஓட்டை போட்டது. ஓட்டைக்குப் பக்கத்தில் விளக்கு அறை, அதையொட்டிக் குளியல் கூடம், அதற்குக் கீழே படி வைத்தாற்போல வரிசை வரிசையாக வீடுகள். மேல் வரிசை, நடு வரிசை, கீழ் வரிசை. எல்லா வீட்டுக்கும் ஒரே பச்சைக் கதவு. கம்பெனி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு ஒரு நாள் கிளம்பிப் போய்விட்டது. ஓட்டையும் நாங்களும்தான் மிச்சம்.

என் மாமனார் அந்தக் குளியல் கூடத்தின் காவலாளி. சங்கிலிக்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். குளியல் கூடம் என்றதும் நாலு குழாயும் ஒரு தொட்டியும் என்று நினைத்துவிடாதீர்கள். கூரை அவ்வளவு உயரம், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். கூரையிலிருந்து வரிசையாகச் சங்கிலிகள். ஒவ்வொரு சங்கிலியின் நுனியிலும் ஒரு கொக்கி, கொக்கிக்கு ஒரு நம்பர். வேலைக்கு வருகிறவர் வீட்டுத் துணியைக் கழற்றித் தன் கொக்கியில் மாட்டி, சங்கிலியை இழுத்து மேலே ஏற்றிப் பூட்டிவிட்டு, அழுக்குத் துணியை உடுத்திக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்குவார். கொக்கியில் என்ன நம்பரோ அதேதான் அவர் கையில் இருக்கும் விளக்கிலும். வேலை முடிந்து வந்து, குளித்து, சங்கிலியை இறக்கி, உலர்ந்த துணியை உடுத்திக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஆட்கள் உள்ளே இருக்கும் நேரத்தில் கூரை முழுக்கச் சட்டையும் வேட்டியுமாகத் தொங்கும். பாய்லரைப் பார்த்துக்கொள்வதும் சாவியை வைத்திருப்பதும் மாமனாரின் வேலை.

இன்னொரு வேலையும் இருந்தது. உள்ளே யாராவது இறந்துவிட்டால் மேலே போன் வரும். பெயரைச் சொல்லமாட்டார்கள். வீட்டுக்குச் சேதி போய்ச் சேரும்வரை பெயர் யார் வாயிலும் வரக்கூடாது என்பது இங்கே வழக்கம். நம்பரை மட்டும் சொல்வார்கள். சங்கிலிக்காரர் அந்தச் சங்கிலியை இறக்கி, துணியை மடித்து, வெள்ளைத் துண்டில் சுற்றி, இரண்டு கையிலும் நெஞ்சுக்கு நேராக ஏந்திக்கொண்டு நடுத்தெருவில் நடந்து வருவார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. எல்லா வாசலிலும் பெண்கள் வந்து நிற்பார்கள். எந்த வாசலுக்கு முன்னால் அவர் நிற்கிறாரோ அந்த வீட்டுப் பெண் கதவை முழுசாகத் திறந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஆள் கையில் எதைக் கொண்டு வந்தாலும் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அது அந்த மூட்டைதானே? வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாமனார் ஒரு முட்டைக்கோஸைத் துண்டில் கட்டி எடுத்துக்கொண்டு சாவகாசமாக வந்திருக்கிறார். நடு வரிசையில் ஒரு பெண் படிக்கட்டிலேயே மயங்கி விழுந்துவிட்டாள். அன்றிலிருந்துதான் இந்தக் கைவீச்சு. சுரங்கம் மூடிய பிறகும் அது போகவில்லை.

சரி, மனிதர் நல்லவர்தான் என்று அந்த முடிவை மாற்றிக்கொண்டேன். அப்படியும் இரண்டு விஷயங்கள் எனக்குப் பிடிபடவில்லை. ஒன்று, அவர் முட்டை சாப்பிடமாட்டார். கோழிக்கறி தின்பார், குழம்பைச் சொட்டு விடாமல் வழித்துத் தின்பார், முட்டையைக் கண்டால் தட்டை நகர்த்திவிடுவார். இரண்டாவது, பஸ் நிறுத்தத்துக்குப் போக வேண்டுமென்றால் கீழ் வரிசை வழியாக நேராக இறங்கிவிடலாம். இவர் மட்டும் கம்பெனியின் பழைய ஆபீஸைச் சுற்றிக்கொண்டு, சரளைக்கல்லில் சறுக்கி விழுந்து எழுந்து போவார். கேட்டால், "நடக்கிறது உடம்புக்கு நல்லதும்மா" என்பார்.

கீழ் வரிசையில் எதிரெதிராக இரண்டு வீடுகள். ஒன்றில் கோழியக்கா. கோழி வளர்த்து முட்டை விற்கிறவர். எதிர் வீட்டில் தையலக்கா. ஊரில் எல்லார் சட்டையும் அவர் மெஷினில் ஒரு தடவையாவது ஏறி இறங்கியிருக்கும். நடுவில் உள்ள சந்து அவ்வளவு குறுகல், இந்த வாசலிலிருந்து அந்த வாசலுக்குக் கை நீட்டி உப்பு வாங்கலாம். ஆனால் இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. கோழியக்கா முன்பக்க ஜன்னலை ஆணி அடித்தே மூடிவிட்டார். போக்குவரத்தெல்லாம் பின்பக்க வழிதான். இன்னொன்றும் கவனித்தேன். நான் போனால் சும்மா இருக்கமாட்டேன், ஏதாவது கேலி பேசுவேன். கோழியக்காவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வரும். உடனே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். சிரிப்பதற்கு இவ்வளவு வெட்கமா என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கதையை மாமியார்தான் சொன்னார். கோழியக்காவின் வீட்டுக்காரருக்கு ஊரில் இருமல்காரர் என்று பெயர். குள்ளமான, ஒடிசலான மனிதர். தையலக்காவின் வீட்டுக்காரர் நெட்டை. அவருக்குக் கடையில் சட்டை கிடைக்காது, மனைவி தைத்தால்தான் உண்டு. ஒருநாள் மத்தியானம் உள்ளே கல் சரிந்தது. போனில் நம்பர் வந்தது. மாமனார் சங்கிலியை இறக்கி மூட்டையைச் சுற்றிக்கொண்டு போய்க் கோழியக்கா வாசலில் நின்றார். அந்த அம்மா மூட்டையை வாங்கிக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். துண்டு அவிழ்ந்தது. உள்ளே இருந்து ஒரு சட்டைக் கை நழுவி நீளமாகத் தரையில் விழுந்தது.

"ஐயோ, இது அவரோடது இல்ல! இது நெட்டையோட சட்டை!" என்று கத்தினாளாம் கோழியக்கா. கத்திவிட்டுச் சிரித்தாளாம். கையைத் தட்டிக்கொண்டு, தெருவே பார்க்க, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாளாம். பிறகு மூட்டையைத் தானே எடுத்துக்கொண்டு சந்தைத் தாண்டிப்போய்த் தையலக்கா மடியில் வைத்து, "அழாத, நான் இருக்கேன் உனக்கு" என்று ஆறுதல் சொன்னாளாம். சொல்லும்போதும் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லையாம். தான் தைத்த சட்டையைத் தையலக்காவுக்கு அடையாளம் தெரியாதா? அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பொழுது சாயும் முன்பு மற்றவர்கள் வெளியே வந்தார்கள். அழுக்குத் துணியோடு நெட்டை சந்துக்குள் நுழைந்தார். இப்போது தையலக்கா சிரித்தாள். புருஷனின் நெஞ்சில் குத்திக் குத்திச் சிரித்தாள். கோழியக்கா அதைப் பார்த்துக்கொண்டு தன் வாசலில் நின்றிருந்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"பாவம், உங்க மாமா" என்றார் மாமியார். "பதட்டத்துல வேற சங்கிலிய இழுத்துட்டாரு. யாரு என்ன சொல்ல முடியும்? மனுஷன் கைதானே." ஊரும் அப்படித்தான் சொன்னது. ஒருத்தரும் அவரைத் திட்டவில்லை. மேனேஜர்கூடத் தோளில் தட்டிக் கொடுத்தாராம். இருமல்காரரின் சொந்தத் துணி மட்டும் மேலேயே தங்கிவிட்டது. ஒரு வாசலுக்கு இரண்டாவது மூட்டை போனால் அந்த வீட்டிலிருந்து இரண்டாவது ஆளைக் கூப்பிட்ட மாதிரி என்று ஊரில் ஒரு பயம். கோழியக்காவின் தம்பி அப்போது சுரங்கத்தில் வேலை பார்த்தான். அதனால் பெரியவர்கள் விட்டுவிடச் சொல்லிவிட்டார்கள். சுரங்கம் மூடியபோது எல்லாரும் தங்கள் சங்கிலியை இறக்கித் துணியை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த ஒரு மூட்டை மட்டும் கூரையில் தொங்கிக்கொண்டே இருந்தது. அந்தத் தம்பியும் வெளியூர் போய்ப் பிழைத்துக்கொண்டான், என் மாமியார் போய்ச் சேர்ந்தார், நெட்டையும் போய்ச் சேர்ந்தார், என் பிள்ளைகள் வளர்ந்தார்கள். மூட்டை இறங்கவில்லை.

போன மாதம் சுற்றுலாத்துறைக்காரர்கள் வந்தார்கள். குளியல் கூடத்தைச் சுத்தம் செய்து, டிக்கெட் போட்டு, வெளியூர் ஆட்களுக்குக் காட்டப் போகிறார்களாம். மாமனாரைத் தேடி வீட்டுக்கே வந்து மரியாதையாகத்தான் பேசினார்கள். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

"சங்கிலி எல்லாத்தையும் திங்கட்கிழமை இறக்கி, துரு எடுத்து, பெயின்ட் அடிச்சு மாட்டுவோம் ஐயா" என்றாள் கூட வந்த பெண். "அந்த ஒரு மூட்டை இருக்குல்ல, அதுதான் விசேஷம். அதைக் கண்ணாடிப் பெட்டியில வச்சு உள்ள லைட் போட்டுடுவோம். பக்கத்துல நீங்க பழைய யூனிஃபார்ம்ல நின்னீங்கன்னா இன்னும் நல்லா இருக்கும்."

மாமனார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "அது ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியதும்மா."

"அப்போ அதுக்கு முன்னாடி குடுத்துடுங்க ஐயா. எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல."

அவர்கள் போன பிறகு மாமனார் அடுப்படியில் வந்து உட்கார்ந்து உருளைக்கிழங்கை எடுத்தார். உரிக்கிறார், உரிக்கிறார், கிழங்கு கோலிக்குண்டு அளவுக்கு வந்தும் விடவில்லை. நான் கத்தியைப் பிடுங்கினேன். "ஒரு பழைய சட்டை, மாமா. கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தா முடிஞ்சுது. கை தடுமாறினதுக்கு இத்தனை வருஷமாவா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்க?"

"கை தடுமாறலம்மா" என்றார்.

பிறகு சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். பாய்லர் குழாய் ஓடுகிற சுவரை ஒட்டிய கொக்கிகளில் துணி இதமாகச் சூடேறியிருக்கும். கதவுப் பக்கத்துக் கொக்கிகளில் பனிக்காற்று அடித்துத் துணி சில்லென்று ஈரம் கோத்திருக்கும். நம்பரைக் கம்பெனி கொடுத்தது, மாற்றக்கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. இருமல்காரரின் கொக்கி கதவுப் பக்கம். நெட்டையின் கொக்கி பாய்லர் பக்கம். குளித்துவிட்டு அந்த ஈரத்துணியை உடுத்தினால் இருமல்காரருக்கு நெஞ்சு பிடித்துக்கொள்ளும். அவர் வந்து கெஞ்சினார். மாமனார் ஒரு வழி சொன்னார். எல்லாரும் உள்ளே இறங்கிய பிறகு இரண்டு சங்கிலியையும் இறக்கித் துணியை மாற்றி மாட்டிவிடுவது. அவர்கள் மேலே வருவதற்கு முன்னால் மறுபடி மாற்றிவிடுவது. நெட்டைக்குக்கூடத் தெரியாது.

"நல்ல காரியம்தானே?" என்றேன்.

"சும்மா செய்யலம்மா. முட்டை வாங்கினேன். அவரு சட்டைப் பையில கைக்குட்டையில சுத்தி வச்சிருப்பாரு. சாயங்காலம் துணியத் திரும்ப மாத்தும்போது எடுத்துக்குவேன். பாய்லர் வெந்நீர்லயே அவிச்சுத் தின்னுடுவேன். வீட்டுக்குக்கூடக் கொண்டு வந்தது இல்ல."

"ஒரு இருமல்காரன்கிட்டப் போயா?"

"முட்டை நல்லா இருந்துச்சும்மா" என்றார். சாக்கு எதுவும் சொல்லாமல் அதை மட்டும் சொன்னார். எனக்குத்தான் அதைக் கேட்க வெட்கமாக இருந்தது.

அன்றைக்குப் போன் வந்தபோது துணிகள் மாறித் தொங்கிக்கொண்டிருந்தன. அவசரத்தில் அது அவர் நினைவிலேயே இல்லை. சொன்ன நம்பர் சங்கிலியை இறக்கினார். வழக்கப்படி துணியைப் பிரித்துப் பார்க்காமல் அப்படியே மடித்துச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

"அந்தச் சட்டைக் கை நழுவி வெளிய விழுந்ததுமே எனக்கு எல்லாம் விளங்கிடுச்சு. மாத்தி மாட்டினதே நான்தானே. செத்தது அவ புருஷன்தான்னு அந்த இடத்துலயே தெரிஞ்சுபோச்சு. சொல்லணும்னு வாயைத் திறந்தேன். ஏன் மாறிச்சுன்னு கேப்பாங்களே, முட்டை வெளிய வந்துடுமே, வேலை போயிடுமேன்னு ஒரு நெனப்பு. அதுக்குள்ள அவ சிரிச்சுட்டா. கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாம்னு பாத்தேன். அதுக்குள்ள சந்தைத் தாண்டிட்டா."

"நீங்க?"

"நின்னுக்கிட்டு இருந்தேன்."

"சாயங்காலம் வரைக்கும்?"

"குளியல் கூடத்துக்குப் போயி கதவைச் சாத்திக்கிட்டேன். நெட்டை கொக்கியில இருந்த அவரு துணிய அவரோட கொக்கிக்கே மாத்தி ஏத்திட்டேன். கல்லு விழுந்ததுக்கு நான் என்ன பண்ண முடியும்? ஆனா அவ தெருவுல நின்னு சிரிச்சது என்னாலதானே."

நல்லவர், நல்லவர் என்று ஊர் முழுக்க நான் பெருமையடித்த மனிதர். கோழியக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஓடுவதை எத்தனை தடவை பார்த்திருப்பேன். அந்த அம்மாவிடம் முட்டை வாங்கி வந்து இந்த வீட்டில்தானே பொரித்தேன். அன்று இரவும் மறுநாளும் மாமனாருக்குத் தட்டில் சோறு போட்டு வைத்தேனே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை. என் வீட்டுக்காரர் என்ன சண்டை என்று கேட்டதற்கு, உங்கள் அப்பாவையே கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்கவில்லை. இந்த வீட்டு ஆண்களுக்கு அந்தத் திறமை நிறையவே உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமனார் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, புது வெள்ளைத் துண்டு ஒன்றை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து நின்றார். "சங்கிலி துருப்பிடிச்சிருக்கும். ஒருத்தரால ஆகாது. கூட வர்றியாம்மா?"

போனேன். குளியல் கூடத்தில் புறா எச்சமும் சிமெண்ட் மூட்டையுமாகக் கிடந்தது. அவர் பூட்டைத் திறந்தார். சங்கிலி அசையவில்லை. நானும் சேர்ந்து தொங்கி இழுத்த பிறகு கிறீச்சென்று ஓர் ஓசை வந்தது, கூடவே தலையெல்லாம் துரு கொட்டியது. மூட்டை ஆடி ஆடி இறங்கியது. ஒரு வேட்டி, ஒரு சட்டை. அவ்வளவு சின்னச் சட்டை, பள்ளிக்கூடப் பையனுடையது என்றுதான் சொல்வேன். மாமனார் தூசியை ஊதிவிட்டு மடிக்கும்போது கை நின்றது. பையில் இரண்டு விரலை விட்டார். மஞ்சளாகிப்போன ஒரு கைக்குட்டை முடிச்சு. அன்றைக்கு அவர் எடுக்காமல் விட்ட முட்டை.

உள்ளே உலர்ந்துபோய் ஏதோ கடகடவென்று உருண்டது. ஓடு உடையவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எடுத்துடுங்க மாமா" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். இரண்டு நாளாக அவரை முறைத்துக்கொண்டிருந்த அதே நான். "சட்டைய மட்டும் குடுத்துட்டு வந்துடலாம். இது இல்லைன்னா யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

"அன்னிக்கும் அப்படித்தாம்மா நெனச்சேன்" என்றார். கைக்குட்டையைத் திரும்பப் பையிலேயே வைத்து, சட்டையை மடித்து, துண்டில் சுற்றினார்.

அப்புறம் நடந்தார். மூட்டை நெஞ்சுக்கு நேராக, இரண்டு கையிலும் ஏந்தியபடி, நடுத்தெருவில். நான் ஓரமாகப் பின்னால் போனேன். சுரங்கம் மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, வாசலில் செல்போனை நோண்டிக்கொண்டிருந்த சின்னஞ்சிறுசுகளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மேல் வரிசையில் ஒரு கிழவி முறத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றாள். நடு வரிசையில் இன்னொருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். சுரங்கத்துக்குள் சாக ஆளே இல்லாத ஊரில், வயசான பெண்கள் எல்லாரும் பழைய பயத்தோடு வாசலில் நின்று அவர் எங்கே நிற்கப் போகிறார் என்று பார்த்தார்கள். கீழ் வரிசைக்குள் நுழைந்ததும் தையலக்காவின் மெஷின் சத்தம் நின்றது.

கோழியக்கா முன்கதவைத் திறந்தார். தாழ்ப்பாளோடு கொஞ்சம் மல்லுக்கட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது. மூட்டையைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார். மூட்டையை வாங்கி, இந்தத் தடவை உட்காராமல் நின்றுகொண்டே பிரித்தார். சட்டையை விரித்துத் தன் நெஞ்சோடு வைத்து அளவு பார்த்தார்.

"இது அவரோடதுதான்" என்றார்.

கை பையைத் தொட்டது. முடிச்சை அவிழ்த்தார். முட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இது எதுக்கண்ணே?" என்று கேட்டார்.

மாமனார் சொன்னார். சூடான கொக்கி, மாற்றி மாட்டியது, முட்டை வாங்கியது, எல்லாம். என்னிடம் சொன்ன மாதிரி தரையைப் பார்க்கவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

கோழியக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். "பூனைன்னு சொன்னாருண்ணே" என்றார். "முட்டை குறையுதேன்னு நான் கத்தும்போதெல்லாம் பூனை திங்குதுன்னுதான் சொன்னாரு. அந்தப் பூனையைக் கோணியில கட்டி, மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன். அவரும் கூடத்தான் வந்தாரு. வழியெல்லாம் அதைத் திட்டிக்கிட்டே வந்தாரு." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை முந்தானைக்குப் போனது, பாதியில் நின்றது.

"சட்டைக் கை வெளிய விழுந்துச்சே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் தங்கச்சி."

"நான் சிரிச்சேனே?"

"தெரியும்."

"அவ மடியில கொண்டுபோய்ப் போட்டேனே. அழாதன்னு சொன்னேனே. அங்க எம்புருஷன் செத்துக் கிடக்க, இங்க நான் இளிச்சுக்கிட்டு நின்னேனே."

"தெரிஞ்சேதான் நின்னேன், தங்கச்சி."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சிரிச்சிருக்கமாட்டேனேண்ணே" என்றார் கோழியக்கா. கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "கட்டினவன் செத்த அன்னிக்குக் கை தட்டிச் சிரிச்ச பொம்பளைன்னு நானே என்னைக் காறித் துப்பிக்கிட்டு இருந்தேன். இந்த ஜன்னலுக்கு நானேதான் ஆணி அடிச்சேன்."

எதிர் வாசலில் தையலக்கா வந்து நின்றிருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. எல்லாம் கேட்டிருக்கும், சந்து அவ்வளவு அகலம்தான். கோழியக்கா அந்தப் பக்கம் திரும்பினார். "தையலு, அன்னிக்கு நான் சிரிச்சேன்" என்றார்.

"நானும்தானே சிரிச்சேன்" என்றார் தையலக்கா.

தையலக்கா சந்தைத் தாண்டி வந்து சட்டையைக் கையில் வாங்கி, காலரைத் திருப்பிப் பார்த்தார். நாங்கள் போகலாம் என்று எனக்குத் தோன்றியது. மாமனாரின் முழங்கையைத் தொட்டேன். அவர் திரும்பினார். பழக்கதோஷத்தில் கை இரண்டும் வீசத் தொடங்கின.

"அண்ணே, நில்லுங்க" என்றார் கோழியக்கா. கிட்டே வந்து, முட்டையை அவர் உள்ளங்கையில் வைத்தார். "இது உங்களுக்குன்னு அவரு எடுத்து வச்சது. உங்க கூலி. இதை மட்டும் ஏன் இந்த வீட்டுல விட்டுட்டுப் போறீங்க?"

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார், தையலக்காவும் பின்னாலேயே போனார். மாமனார் அந்த முட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்தார். லேசாக அழுத்தினால் நொறுங்கிவிடும். கடைசியில் இரண்டு கையையும் குவித்து, அதற்குள் வைத்து, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

சுற்றுவழியில் போகலாம் என்று நான் சாடை காட்டினேன். அவர் கவனிக்கவே இல்லை. வந்த வழியே, நடுத்தெருவிலேயே மேடேறினார். கிழவிகள் இன்னும் வாசலை விட்டு உள்ளே போகவில்லை. மூட்டையைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டிய மனிதர் மறுபடியும் கையை நெஞ்சில் ஏந்திக்கொண்டு வருவதைப் பார்த்து அவர்களுக்குக் கிலி பிடித்துவிட்டது. முறத்தைப் போட்ட அந்தக் கிழவி தெருவில் இறங்கியே வந்துவிட்டாள்.

"இது யாரு வீட்டுக்குப்பா?" என்று கேட்டாள்.

மாமனார் நடையை நிறுத்தவில்லை. "எங்க வீட்டுக்குத்தான் ஆத்தா" என்றார்.

நான் முன்னால் ஓடிப்போய்க் கதவை முழுசாகத் திறந்து வைத்தேன்.